கறிக்கம்பிக்கு வந்த சோதனை

வெள்ளப்பாறை விலக்கில் பஸ் நிற்குதோ இல்லையோ, புகை நிற்காது. மொக்கச்சாமியின் சுட்டகோழிக் கடைப் புகைதான் அது. மொக்கச்சாமி முதலாளி. அவன் பெண்டாட்டியின் தம்பிகள் ஒச்சப்பனும் சங்கிலியும் வேலையாட்கள். மூணு பேருக்கும் சேர்த்து ஒரு மூளை உண்டு என்று ஊரில் சொல்வார்கள், நான் பார்த்ததில்லை.

கடை வைப்பதற்கு முன்னால் மூவரும் மாமனார் வீட்டு எருமைகளை மேய்த்துக்கொண்டிருந்தார்கள். இவர்கள் கிளம்பியதில் எருமைகளுக்கு ஒன்றும் வருத்தமில்லை. "கடை நொடிச்சா மறுபடி எருமைதான்டா" என்று மாமனார் சொல்லித்தான் அனுப்பினார். அதிலிருந்து எருமையைக் கண்டாலே மொக்கச்சாமி வேறு சந்தில் திரும்பிவிடுவான்.

கோழி சுடுகிற கம்பித்தட்டைத் திறப்புவிழா அன்று கழுவியதோடு சரி. கொழுப்பும் கரியும் ஏறி, விரல் மொத்தமிருந்த கம்பி வாழைத்தண்டு மொத்தத்துக்கு வந்துவிட்டது. "ருசியே அதுலதான்யா இருக்கு" என்பான் மொக்கச்சாமி.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் உணவுப் பாதுகாப்பு அதிகாரி கனகாம்புஜம் ஜீப்பில் வந்து இறங்கினார்.

"உங்க கடையில தின்ன லாரி டிரைவருக்கு மூணு நாளா வயித்தால போகுதுய்யா!"

மொக்கச்சாமி கணக்குப் போட்டுப் பார்த்தான். "ஒரே ஒரு கால்தான் மேடம் தின்னாரு. அது எப்படி மூணு நாளைக்கு வரும்?"

அதிகாரியம்மா தலையில் அடித்துக்கொண்டார். ஒச்சப்பன் பணிவாகக் கேட்டான்: "நெருப்புல கிருமி செத்துராதா மேடம்?"

"அடுப்பு அணைஞ்சப்புறம்? கரப்பானும் எலியும் இந்தக் கொழுப்ப நக்கிட்டுக் கிடக்கும். புதுக் கிருமி வந்து உக்காரும். மறுநா அரைகுறையா சூடு பண்ணி அது மேலயே கோழியப் போடுவீங்க. கட்டி பேந்து கறியில ஒட்டும். நாளைக்குச் சாயங்காலம் வருவேன். வெள்ளைத் துணிய நனைச்சு இதுல தேய்ப்பேன். துணி வெள்ளையாவே இருக்கணும். கருப்பு பட்டுச்சு, கடைக்குப் பூட்டுதான்!"

ஜீப் போனதும் ஆலோசனைக் கூட்டம் கூடியது.

"மாமா, எது வெள்ளையா இருக்கணும்னாங்க?" என்றான் சங்கிலி.

"துணி."

"கம்பி?"

"கம்பியப் பத்திப் பேச்சே இல்ல மாப்ள. காதத் தீட்டிக்கிட்டுத்தான் கேட்டேன்."

"அப்பாடா! கம்பின்னா கஷ்டம். துணிதானே!" என்று ஒச்சப்பன் பெருமூச்சு விட்டான்.

மொக்கச்சாமி தன் கல்யாண வேட்டியைக் கொண்டுவந்தான். நனைத்துக் கம்பியில் ஒரு இழு இழுத்தார்கள். வேட்டி அட்டக் கருப்பு. துவைத்து வெளுத்து மறுபடி இழுத்தார்கள். மறுபடியும் கருப்பு.

"துணிக்குத் திராணி பத்தல மாமா" என்றான் ஒச்சப்பன். "சோடா உப்புப் போட்டுக் கொதிக்க வெச்சு, அந்தச் சூட்டோடயே தேய்ப்போம். அப்பயாவது புத்தி வருதா பார்ப்போம்."

கொதிக்கக் கொதிக்கத் தேய்த்தார்கள். சோப்பை அப்பித் தேய்த்தார்கள். அழுத்தித் தேய்த்துப் பழக்கினால்தான் துணி படியும் என்று சங்கிலி கம்பி மேலேயே ஏறி உட்கார்ந்து தேய்த்தான். கீழே என்னவோ கட்டி கட்டியாக உதிர்ந்தது. இருக்கிற வேலையில் அதை யார் பார்ப்பது?

மறுநாள் மத்தியானம், நாற்பத்தோராவது தடவை, வேட்டி வெள்ளையாகவே வந்தது.

"திருந்திருச்சு மாமா!" சங்கிலி அழுதேவிட்டான். மொக்கச்சாமி வேட்டிக்கு முத்தம் கொடுத்தான்.

சாயங்காலம் அம்மா வந்தார். பளபளத்த கம்பியைப் பார்த்து அசந்துபோனார். தன் கைக்குட்டையை நனைத்துத் தேய்த்தார். வெள்ளை!

'மேடம் துணியும் நல்ல துணிதான் போல' என்று ஒச்சப்பன் நினைத்துக்கொண்டான்.

"சபாஷ்! இந்தக் கம்பி எப்பவும் இதே மாதிரி இருக்கணும். சொல்லாமக் கொள்ளாம வருவேன். கருப்பு பட்டுச்சு, பூட்டுதான்!"

அம்மா போனார். முதல் ஆள் வந்து ஒரு முழுக்கோழி கேட்டார். ஒச்சப்பன் கோழியைத் தூக்கினான். மொக்கச்சாமி பாய்ந்து கையைப் பிடித்தான்.

"பாவி! கோழியப் போட்டா கம்பி கருத்துருமேடா!"

"கேக்குறாரே மாமா."

"ஆளு வந்தா கேக்கத்தான் செய்வான். ஆளே வராம இருக்க என்னடா வழி?"

சங்கிலி பிறந்ததிலிருந்து முதல்முறையாக யோசித்தான். வாடிக்கையாளரை அனுப்பிவிட்டு, மூவரும் பஜாருக்குப் போய் இருப்பதிலேயே பெரிய பூட்டாக வாங்கிவந்து கடையைப் பூட்டினார்கள். இழுத்தும் பார்த்தார்கள். ஆடவில்லை.

சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, மாமனார் வீட்டு எருமைக் கொட்டகையைப் பார்த்து நடக்கும்போது மொக்கச்சாமி நிம்மதியாகச் சொன்னான்:

"நல்லவேளை மாப்ள, அந்தம்மா மட்டும் பூட்டியிருந்தா நம்ம கதி என்ன ஆயிருக்கும்!"