நஞ்சுண்டன் உடம்புச் சூடு

மரம் விழுந்தது. பஸ் நின்றது. கோத்தகிரிக்கும் ஊட்டிக்கும் நடுவில், மார்கழி மத்தியானம், சாலைக்குக் குறுக்கே ஒரு பெரிய சீகை மரம். வெட்ட ஆள் வரவேண்டும். வரும்போது வரட்டும்.

வெயிலுகந்தான் இறங்கினார். தூத்துக்குடி உப்பளத்தில் காய்ந்த உடம்பு. ஊட்டியில் மகளுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. பார்க்கப் போகிறார். "ஸ்வெட்டர் எடுத்துக்கோங்கப்பா" என்று மகள் போனில் படித்துப் படித்துச் சொன்னாள். "நம்ம ஊர்லயுந்தான் மார்கழி வருது" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். அரைக்கைச் சட்டை, மல் வேட்டி, தோளில் ஒரு துண்டு. அவருக்குத் தெரிந்த குளிர்காலத்துக்கு அது தாராளம்.

இந்தக் குளிர் வேறு. வேட்டிக்குள் புகுந்து முழங்காலை விசாரித்துவிட்டு முதுகுக்குப் போனது.

வளைவில் ஒரு டீக்கடை. மாதியம்மாள் கடை. நாலு கம்பு, மேலே தகரம், நடுவில் கரி கனலும் கணப்புச் சட்டி. சட்டியின் ஓரம் ஒரே ஒரு முக்காலி. அதில் உட்கார அந்தக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. யாருக்குக் குளிர் தாங்கவில்லையோ அவர் வாய்விட்டு "குளிருது" என்று சொல்லவேண்டும். சொன்னால் இடம். சொல்லாமல் நைசாக வந்து உட்கார்ந்தால் டீ கிடையாது.

"குளிருதுக்கா!" என்று கூவிக்கொண்டே வந்தார் கண்டக்டர் முபாரக். உட்கார்ந்தார். கையைக் காய்ச்சினார். வெட்கமில்லாத மனுஷன், பிழைத்துக்கொள்வார்.

வெயிலுகந்தானுக்கு அது வராது. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் "குளிரலீங்களா?" என்று கேட்டதற்கு, "இதெல்லாம் ஒரு குளிரா?" என்று எல்லோர் காதிலும் விழும்படி சொல்லியிருந்தார். சொன்ன வாயை எங்கே கொண்டுபோய் வைப்பது? பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். கடிக்காவிட்டால் அது தானே அடித்துக்கொண்டது.

அந்தப் பக்கத்து சீட்டுக்காரர் நஞ்சுண்டன். மலையில் வெகுகாலம் டீ பேக்டரி வேலை பார்த்தவர். தலையில் குல்லா, கழுத்தில் மப்ளர், உடம்பில் ஸ்வெட்டர், அதற்குமேல் கம்பளி, கையில் பிளாஸ்க். உள்ளே ஆள் இருப்பதை மீசையை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். தன் மலைக் குளிரை வெளியூர்க்காரன் "ஒரு குளிரா" என்று சொன்னது அவருக்குப் பொறுக்கவில்லை. அதைச் சொல்ல வேண்டிய ஆள் அவரல்லவா?

"நீங்க சொல்றது செரிதானுங்க" என்று ஆரம்பித்தார். "எனக்கும் குளிருன்னா என்னன்னே தெரியாது."

"அப்ப இம்புட்டு மூட்டை எதுக்கு வே?"

"வூட்டுக்காரி மனசு நோகக் கூடாதில்லீங்க? அதுக்காகச் சுமந்துட்டுத் திரியறேன். நமக்கெல்லாம் சூடு உள்ளயே இருக்குது. இந்தா, பிளாஸ்க்குல அவ போட்ட சுக்குக் காப்பி. போன உறைபனிக்கு ஒரே ஒரு டம்ளர் குடிச்சுட்டு வாசல்ல நின்னு மூச்சு விட்டேனுங்க. ரோடு வரைக்கும் புல்லு மேல இருந்த பனி பூரா ஆவியாப் போயிருச்சு. ஊர் மாடெல்லாம் என் பின்னாடியே மேஞ்சுட்டு வருது. அன்னைக்குச் சாயங்காலம் பால் கறந்தா, சொசைட்டிக்காரன் கேனைத் தொட்டுட்டுக் கையை ஒதறறான்."

"பால் காய்ச்சியே வந்துச்சாக்கும்?" என்றார் முபாரக்.

"ஆடை படிஞ்சு வந்துச்சுங்க. சர்க்கரை மட்டுந்தான் போடோணும்."

மாதியம்மாள் டீயை ஆற்றிக்கொண்டே, "எங்க மாடு அன்னைக்கு லீவு போல" என்றாள்.

வெயிலுகந்தானுக்குக் கதை முக்கியமில்லை. பிளாஸ்க்தான் முக்கியம். "ஒரு டம்ளர் குடிச்சா எத்தன நாள் தாங்கும்?" என்று கேட்டார்.

"ஒரு வாரத்துக்கு அசையாதுங்க!"

"இன்னைக்குக் குடிச்சீரா?"

"காத்தாலயே குடிச்சாச்சே."

"அப்ப மிச்சம் வீணாத்தானே போகும். கொண்டாரும்."

நஞ்சுண்டன் கை கொஞ்சம் தயங்கியது. வாய் தயங்கவில்லை. "தாராளமா" என்றது. பிளாஸ்க் கைமாறியது. சுக்குக் காபி வெயிலுகந்தான் தொண்டையில் இறங்கி, வயிற்றில் ஒரு விளக்கை ஏற்றியது. மனுஷி நன்றாகத்தான் போட்டிருந்தாள்.

போன பிளாஸ்க்கை ஈடுகட்ட நஞ்சுண்டன் இன்னும் பெரிதாக ஒன்றை எடுத்தார்.

"காப்பி என்னங்க காப்பி. இந்த ஸ்வெட்டர் இருக்குதே, இதோட கம்பளி நூல் எந்த ஆட்டோடதுன்னு நெனைக்கறீங்க? மச்சான் தோட்டத்துல பூந்து காந்தாரி மொளகாயாவே தின்னு வளந்த ஆடுங்க அது. மழையில நனைஞ்சா அது மேல இருந்து பொகை வரும். அந்த மயிர்ல பின்னினது. மொத நாள் போட்டுட்டு எஸ்டேட்டுக்குள்ள நடந்தேன் பாருங்க, செடியெல்லாம் கோடை வந்துருச்சுன்னு நெனைச்சுட்டுச்சு. நான் போற வழியெல்லாம் கொழுந்து படபடன்னு வெடிக்குது. கொழுந்து பறிக்கற பொம்பளைங்க கூடையைத் தூக்கிட்டு என் பின்னாடி ஓட்டம். 'அண்ணா, மெல்லப் போங்கண்ணா, கை ஓயுது'ன்னு ஒரே சத்தம். தொரை வந்து கும்புட்டு, 'பனி எறங்கற மாசம் பூரா நீங்க இங்கயே நடங்க'ன்னாரு."

"நடந்தீங்களா?" என்றார் முபாரக்.

"ரெண்டு நாள் நடந்தேன். பேக்டரியில கொழுந்து கொட்ட எடமில்ல. கெஞ்சி அனுப்பிச்சுட்டாங்க."

"நாங்கூட அந்த எஸ்டேட்டுலதான் கொழுந்து எடுத்தேன்" என்றாள் மாதியம்மாள். "நீங்க நடந்ததை நான் பாக்கலையே."

"நீ குனிஞ்சு பறிச்சுட்டு இருந்திருப்பே."

வெயிலுகந்தான் ஒரு அடி முன்னே வந்தார். "போட்டாத்தான் சூடா? கழட்டினா?"

"கழட்டினாலும் போகாதுங்க. மொதத் தடவை போட்டப்பவே அந்தக் காரம் ஒடம்புல ஊறிப்போச்சு."

"அப்ப கழட்டும்."

இந்த முறை நஞ்சுண்டன் காடு, மேடு, வானம் எல்லாம் பார்த்தார். உதவிக்கு யாரும் வரவில்லை. கம்பளியை விலக்கி, ஸ்வெட்டரைத் தலைவழியே உருவினார். குல்லாவும் கூடவே வந்தது. இரண்டையும் வெயிலுகந்தான் வாங்கிக்கொண்டார். "உமக்குப் பாரம் எதுக்கு" என்று மப்ளரையும் அவிழ்த்துக்கொண்டார். ஸ்வெட்டரில் மிளகாய்க் காரம் எதுவும் இல்லை. ஆனால் நஞ்சுண்டன் உடம்புச் சூடு இருந்தது. அது போதும்.

முபாரக் முக்காலியை விட்டு எழுந்தார். "எனக்குச் சூடு ஏறிருச்சு. உங்கள்ல யாராவது சொல்லிட்டு உக்காருங்களேன்" என்றார். இரண்டு பேரும் வேறு பக்கம் பார்த்தார்கள். முக்காலி சும்மா கிடந்தது. கணப்பு சும்மா எரிந்தது.

கம்பளியை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நஞ்சுண்டன் மறுபடி கிளம்பினார். குரலில் லேசாக அலை.

"ரா-ராத்திரி நான் தூங்கற அழகைப் பாக்கோணுமே. இந்தக் கம்பளியைப் போத்திப் படுத்தா உள்ள அப்பிடி ஒரு அனல். வூட்டுக்காரி அடுப்புப் பத்த வெச்சே வருசமாச்சு. தட்டுல மாவை ஊத்திக் கம்பளிக்குள்ள தள்ளிருவா. கால்மாட்டுல வெச்சா இட்லி. தலைமாட்டுல வெச்சா இடியாப்பம். கேஸ் சிலிண்டர் போடற பையன் பயந்துபோய்க் கதவைத் தட்டறான், 'வூட்ல எல்லாரும் உசுரோட இருக்கீங்களா'ன்னு."

"புட்டு?" என்றார் முபாரக்.

"பொரண்டு படுத்தா அதுவும் வேகும்."

"சட்னி மட்டும் எங்கிட்ட வாங்கிட்டுப் போறீங்களே, அது எதுக்கு?" என்றாள் மாதியம்மாள்.

"அதுக்குச் சூடு ஆகாதில்லம்மா."

வெயிலுகந்தான் கனைத்தார். "ஒண்ணு கேக்கேன். அந்த அனல் கம்பளியோடதா, ஒம்ம ஒடம்போடதா?"

கம்பளி என்று சொல்லியிருந்தால் நஞ்சுண்டன் தப்பித்திருப்பார். ஆனால் அப்படிச் சொன்னால், இத்தனை நேரம் பேசியது எல்லாம் ஒரு துணிக்குப் போய்விடும். அவர் பெருமைக்கு அது கட்டாது.

"ஒ-ஒடம்போடதுதானுங்க! கம்பளி சும்மா மூடி."

"மூடி எதுக்கு? ஆவி போகட்டும். குடும்."

கம்பளியும் வந்தது. வெயிலுகந்தான் போர்த்திக்கொண்டார். அப்பாடா. காது, கழுத்து, முதுகு எல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. குளிர் என்ற வார்த்தையைச் சொல்லாமலே காரியம் முடிந்தது.

எதிரே நஞ்சுண்டன் முழுக்கைச் சட்டையோடு நின்றார். மெலிந்த மனுஷன். இத்தனை துணியையும் கழித்தால் இவ்வளவுதான் ஆள் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. மூடுபனி வந்து அவரைச் சுற்றிக்கொண்டது. முழங்கால் தந்தி அடித்தது.

"என்ன வே, நடுங்குதீரு?"

"ந-நடுக்கமா? இஞ்சின் ஓ-ஓடுதுங்க உள்ள. நிறுத்தி வெச்ச பஸ் அதிருதில்ல, அந்த மாதிரி."

"நிறுத்தினா நாங்க இஞ்சினை ஆஃப் பண்ணிருவோம்" என்றார் முபாரக். "பல்லு ஏங்க அடிக்குது?"

"கி-கியர் மாத்தறேன். போன வருசம் ரோட்டுல பஸ் ஸ்டார்ட் ஆகலீன்னா எ-என்னையத்தான் கூப்புடுவாங்க. த-தள்ளவே வேண்டாம். சும்மா கை வெச்சு நிப்பேன். நான் அதிர்ற அதிர்ல ஊட்டி போய்த்தான் நிக்கும்."

வெயிலுகந்தானுக்கு உள்ளே என்னவோ செய்தது. சுக்கு அல்ல. கம்பளியின் ஒரு ஓரத்தைத் தூக்கிக் காட்டினார். வா என்று சொல்லவில்லை, அவருக்கு அவ்வளவு பேச்சு கிடையாது. நஞ்சுண்டன் தலையை ஆட்டி மறுத்தார். உதடு நீலம், மீசை நுனியில் பனி, வாய் மட்டும் ஓயவில்லை.

"எனக்கு எதுக்குங்க? நெசத்தைச் சொல்றேன், கேளுங்க. போன மார்கழியில யாரோ என் வூட்டுக் கதவைத் தட்டினாங்க. தொ-தொறந்து பாத்தா, குளிரு! சாச்சாத் குளிரே வந்து நிக்குது. கையைக் கட்டிட்டு, 'அண்ணா, வெளிய தாங்க முடியலீங்கண்ணா, உள்ள விடுங்க'ங்குது. பாவமா இருந்துச்சு. விட்டேன். அன்னைல இருந்து என்கூடவேதான் திரியுது. இ-இப்பக்கூட என் சட்டைக்குள்ளதான் ஒண்டிட்டு நிக்குது. எனக்கு ஒண்ணுமில்லீங்க. அதுக்குத்தான் பாவம், ரொம்பக் குளிருது."

மாதியம்மாள் டீ ஆற்றுவதை நிறுத்தினாள்.

"சொல்லியாச்சு. குளிருதுன்னு சொல்லியாச்சு. யாருக்குன்னு இந்தக் கடையில கேக்கற வழக்கமில்ல. அதைக் கூட்டிட்டு வந்து உக்கார வைங்க. நீங்களும் தொணைக்கு உக்காருங்க."

நஞ்சுண்டன் ஒரு கணம் யோசித்தார். மானத்துக்குச் சேதம் இருப்பதாகத் தெரியவில்லை. விறுவிறுவென்று வந்து முக்காலியில் உட்கார்ந்தார். இரண்டு கையையும் கணப்புக்கு மேலே நீட்டினார். சட்டியையே கட்டிக்கொள்வார் போலிருந்தது.

வெயிலுகந்தான் பக்கத்தில் வந்து நின்றார். கம்பளியைப் பாதி அவர் தோளில் போட்டார். இந்தமுறை கேட்டுக்கொண்டிருக்கவில்லை.

"என்ன வே, ஒம்ம கூட்டாளிக்கு ஒரு டீ சொல்லட்டுமா?"

நஞ்சுண்டன் கரியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"ரெண்டாச் சொல்லுங்க. அது தனியாக் குடிக்காது."