மறுவுள்ள சேவல்

காவடிக்கரடு என்ற சிறு மலையின் அடிவாரத்தில், முதல் படிக்கு இப்பால், ரங்கான் என்றோர் அடியார் இருந்தார். தோட்டங்களில் சாணம் அள்ளுவது அவர் வேலை. ஊரில் சிறு பிள்ளைகளும் அவரை "டேய் ரங்கா" என்றே கூப்பிட்டார்கள். இங்கேயாவது அவரை 'அவர்' என்று சொல்வோம்.

மலைமேல் இருக்கும் முருகன் கோயிலில் பங்குனி உத்திரக் கொடி ஏறும் முன் கொடிமரத்தடியில் ஒரு சேவல் கூவ வேண்டும். அது முழுச்செவலையாக, உடம்பெல்லாம் ஒரே சிவப்பாக இருக்க வேண்டும். கழுத்தில் மஞ்சள் ஓடினாலும், இறக்கையில் ஒரு வெள்ளைப் புள்ளி விழுந்தாலும், அதற்கு மறு என்று பெயர். மறு உள்ளது மலை ஏறாது. தகப்பனுக்குப் பின் அந்தச் செவலை வம்சத்தை முப்பது ஆண்டுகள் கலப்பில்லாமல் காத்தவர் ரங்கானார். சாணக்கூடையை இறக்கி வைத்துக் குளித்த பிறகே கோழிகளுக்குக் கம்பு இடுவார்.

அவர் மலை ஏறியதில்லை. சட்டம் எப்போதோ கதவைத் திறந்துவிட்டது, வழக்கம் திறக்கவில்லை. கோயில் நிர்வாகம் பார்க்கும் மணியம் செல்லமுத்து வந்து சேவலை மட்டும் வாங்கிப் போவார். மேலே அது கூவும் சத்தம் கீழே வந்து சேரும்போது ரங்கானார் முதல் படியைத் தொட்டுக் கும்பிடுவார். அவருக்கு வாய்த்த தரிசனம் அவ்வளவுதான். மறுவாரமே அந்தச் சேவல் மணியம் வீட்டுக் குழம்பில் கொதிக்கும் என்பதும் அவருக்குத் தெரியும். அதைச் சொல்லிச் சிரித்தவர்களிடம், கூவுகிற வரைக்கும்தான் அது தன்னுடையது என்பார்.

ஒரு வைகாசியில் வெள்ளைக்கழிச்சல் என்னும் கோழிநோய் வந்தது. நாலே நாளில் இருபத்திரண்டு கோழிகள் கழுத்தைத் தொங்கவிட்டுச் செத்தன. ஒரு செவலைப் பெட்டை மிஞ்சியது. செவலைச் சேவல் ஒன்றுகூட இல்லை. வேறு வழியின்றிப் பக்கத்துத் தோட்டத்துக் கறுப்புச் சேவலோடு அதைச் சேரவிட்டார். முட்டைகளை அடைவைத்த பத்தொன்பதாம் நாள் அவர் மனைவி வீராயி காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். சுடுகாட்டிலிருந்து திரும்பியவர் நேராக அடைக்கூடைக்குப் போய்ப் பெட்டைக்குத் தண்ணீர் வைத்தார். பெண்டாட்டி போன அன்றைக்கும் இவனுக்குக் கோழிதான் பெரிது என்று ஊர் பேசியது. அந்தக் கூடை வீராயி பின்னியது என்பதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

பொரித்தவற்றில் நான்கு சேவல்கள். மூன்று கறுத்துப் போயின. நான்காவது செவலை. தை மாதம் வால் முளைத்து வளைந்தபோது, அதில் ஒற்றை இறகு மட்டும் கறுப்பாக நின்றது. ரங்கானார் அதைத் தினமும் பார்த்தார். இந்தக் கறுப்பு கழிய இன்னும் இரண்டு மூன்று தலைமுறை வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். தம் வயதும் அவருக்குத் தெரியும்.

கொடியேற்றத்துக்கு முந்தின நாள் செல்லமுத்து வந்தார். சேவலைத் தூக்கித் திருப்பிப் பார்த்தார். மறு அவர் கண்ணில் படும் முன்பே ரங்கானார் அதைச் சொல்லிவிட்டார்.

"ஒத்தை இறகுதான்டா. புடுங்கிப் போட்டுட்டுக் குடு. சாமி என்ன குனிஞ்சா பாக்கப் போறாரு?"

"சாமி பாக்கமாட்டாருன்னா, நான் முப்பது வருசமா யாருக்குங்க வளத்துனேன்?"

செல்லமுத்துவின் முகம் சுருங்கிப் போயிற்று. "இவ்வளவு ரோசமாடா உனக்கு? இனி உன் சேவலும் வேண்டாம், நீயும் வேண்டாம். கடையில வாங்கிக்கறோம்."

மறுநாள் காலை கடையில் வாங்கிய சிவப்புப் பண்ணைச் சேவல் மலை ஏறியது. மறு தேட இடமில்லாத சிவப்பு. ஆனால் கொடிமரத்தடியில் விட்டபோது அது வாயைத் திறக்கவில்லை. தட்டினார்கள், தண்ணீர் தெளித்தார்கள். இரும்புக் கூண்டிலேயே வளர்ந்த அது காலை மடக்கி உட்கார்ந்துகொண்டது. முகூர்த்தம் முடியச் சில நிமிடங்களே இருந்தன. மேளம் நின்றுவிட்டது.

அப்போது அடிவாரத்திலிருந்து ஒரு கூவல் எழுந்து படிகளில் ஏறி வந்தது. எந்தச் சேவல் என்று எல்லோருக்கும் தெரிந்தது.

"கூவிருச்சு, ஏத்துங்க" என்றார் செல்லமுத்து. ஒருவரும் மறுக்கவில்லை.

கொடி அவிழ்ந்து காற்றில் விரிந்தது. கயிற்றைப் பிடித்திருந்த குருக்கள் அண்ணாந்தவர் அப்படியே நின்றார். கொடியில் எழுதியிருந்த சேவலின் வாலில் ஓர் இறகு கறுப்பாக இருந்தது. விடியலில் அந்தத் துணியை விரித்துப் பூசை செய்தவர் அவர்தான். அப்போது அது முழுதும் சிவப்பு. எழுதியவனைக் கூப்பிட்டுத் திட்டினார்கள். கறுப்பைத் தொடவே இல்லை என்று அவன் சத்தியம் செய்தான். ஏறிய கொடியைத் திருவிழா முடியாமல் இறக்கக் கூடாது. பத்து நாளும் அந்தக் கறுப்பு இறகு ஊருக்கு மேலே பறந்தது.

அன்று மதியம் குருக்கள் தனியாகப் படி இறங்கி வந்தார். கீழிருந்து இரண்டாவது படியில் நின்றார்.

"ரங்கானாரே, உங்க சேவலோட இறகைக் கொடியில பாத்தேன்."

அவரை அப்படி ஒருவர் விளித்தது அதுவே முதல் முறை. ரங்கானார் கொடியை அண்ணாந்து பார்த்தார். அவர் கண்ணுக்கு அவ்வளவு உயரம் எட்டாது.

"கறுப்புங்களா, சாமி?"

"கறுப்புதான்."

"அப்ப நான் புடுங்காதது சரிதானுங்க."

குருக்கள் கடைசிப் படிக்கு இறங்கவில்லை. ரங்கானார் அதில் கால் வைக்கவில்லை. இருவருக்கும் நடுவே அந்த ஒரு படி வெறுமையாகக் கிடந்தது. திருநீற்றுப் பொட்டலத்தை அதன் மேல் வைத்துவிட்டுக் குருக்கள் திரும்பிப் போனார்.

அடுத்த ஆண்டும் கடைச் சேவலே மலை ஏறியது. அந்த ஆண்டும் கூவல் கீழிருந்துதான் வந்தது. சேவல் மலைமேல் கூவியதாகவே ஊர் இன்றும் சொல்கிறது. குறையை மறைத்துக் கும்பிட மறுத்த அந்தச் சாணம் அள்ளிய கைகள் யாருடையவை என்று முருகன் அறிவான். நாமும் அவற்றை வணங்குவோம்.