பெரிய காருக்குச் சின்னக் காரின் டேப்பட்

பூவரசங்குளம் ஜமீனில் அரண்மனை என்று ஒன்று இருந்தது. அதில் ராஜா என்று ஒருவர் இருந்தார். ராஜாவுக்குக் கோபம் என்று ஒன்று இருந்தது. அரண்மனை பாதி இடிந்துவிட்டது, கோபம் மட்டும் முழுசாக இருந்தது.

ராஜா கங்காதரத் துரையிடம் அவருடைய அப்பா விட்டுப்போன பெரிய கார். தம்பி சோமநாதத் துரையிடம் நாலு வருஷம் பிந்தி வாங்கிய சின்னக் கார். இரண்டும் ஒரே தொழிற்சாலையில் செய்தவை, என்ஜினும் இரண்டுக்கும் ஒன்றேதான். தைப்பூசத்தன்று ராஜா பெரிய காரில்தான் மலைக்கோயிலுக்குப் போவார், அது அப்பா காலத்து வழக்கம். பூசத்துக்கு நாலு நாள் இருக்கும்போது அந்தப் பெரிய கார் டக் டக் என்று அடிக்க ஆரம்பித்தது.

மெக்கானிக் இன்னாசி பிரித்துப் பார்த்தான். என்ஜினுக்குள் சுற்றுகிற கேம் ஷாஃப்டும், அதன்மேல் உட்கார்ந்து வால்வைத் தூக்கிவிடுகிற டேப்பட்டுகளும் குழி விழுந்து கிடந்தன. மதராஸிலிருந்து புதுசு வர இருபது நாளாகும் என்றான்.

காரியஸ்தர் பலவேசம் தொண்டையைச் செருமினார். இன்னாசியை விரட்டிவிட்டு அந்த இடத்தில் தன் மச்சினனை உட்கார வைக்கவேண்டும் என்பது அவருடைய ரொம்ப நாள் ஆசை.

"மகாராஜா, ஒரே தொழிற்சாலை, ஒரே இரும்பு, ஒரே அளவு. சின்னக் காரிலிருந்து பளபளப்பான டேப்பட்டாகப் பார்த்து நாலைக் கழற்றி இதில் மாட்டவேண்டியதுதானே? இவனுக்கு வேலை தெரியவில்லை. என் மச்சினன் அரைமணியில் முடித்துவிடுவான்."

"தேய்ஞ்ச டேப்பட்டு அது தேய்ஞ்ச கேம்லதான் உட்காரும், மகாராஜா. வேற கேம்ல வெச்சா, மலை பாதி ஏறுறதுக்குள்ள ஒண்ணை ஒண்ணு தின்னுடும். ஆனா ஒரு வழி இருக்கு..." என்று இழுத்தான் இன்னாசி.

"வழியெல்லாம் எனக்கு வேண்டாம்," என்றார் ராஜா. "அளவு ஒன்றென்றால் பொருந்தாமல் எங்கே போகும்? நாளைக்குச் சாயங்காலத்துக்குள் மாட்டு. இல்லையென்றால் பெண்டாட்டி பிள்ளையோடு வீட்டைக் காலி பண்ணு."

இன்னாசி ஸ்பானரை எடுத்துக்கொண்டு கார் கொட்டகைக்குத் திரும்பினான். அவன் மனைவிக்கு அது நிறைமாசம்.

இதையெல்லாம் தூணோரம் நின்று கேட்டவர் சபைக் கவிராயர் அம்பலவாணர். இன்னாசிமேல் அவருக்குப் பிரியம் உண்டு. அதைவிடப் பெரிய கவலை ஒன்றும் உண்டு. பூசத்தன்று பின்சீட்டில் உட்கார்ந்து பாடிக்கொண்டே போகவேண்டியவர் அவர்தான். பாதி மலையில் கார் நின்றால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தார். நேரே கார் கொட்டகைக்குப் போய், அந்த வழி என்ன என்று இன்னாசியிடம் கேட்டுக்கொண்டார்.

மறுநாள் காலை அண்ணனும் தம்பியும் வழக்கம்போல அரண்மனைப் பிள்ளையாரைக் கும்பிட உள்ளே போனார்கள். வாசலில் இரண்டு ஜோடி செருப்பு. கும்பிட்டுவிட்டு வெளியே வந்த ராஜா, பலவேசமும் கவிராயரும் பின்தொடரக் குளத்தைச் சுற்றி நடக்க ஆரம்பித்தார். பத்தடியில் முகம் சுளித்தார். இருபதடியில் கணுக்கால் மடங்கியது. முப்பதாவது அடியில் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார்.

"இது யார் செருப்பு?"

"சின்னதுரை செருப்பு, மகாராஜா. அடியேன்தான் மாற்றி வைத்தேன்," என்றார் கவிராயர்.

பலவேசத்துக்கு முகம் மலர்ந்துவிட்டது. இன்றைக்கு இரண்டு பேரை வெளியே அனுப்பலாம் போலிருந்தது.

"உமக்குப் புத்தி கெட்டுப்போச்சா?"

"ஒரே கடை, ஒரே தோல், ஒரே அளவு, மகாராஜா. சின்னதுரையுடையது கொஞ்சம் பளபளப்பாக இருந்தது. அதனால்தான் எடுத்தேன்."

"அளவு ஒன்றாக இருந்தால் ஆயிற்றா? நான் வெளிப்பக்கம் அழுத்தி நடக்கிறவன். அவன் உள்பக்கம் தேய்க்கிறவன். என் காலுக்கு அவன் தேய்மானம் எப்படி ஐயா..."

ராஜா நிறுத்தினார். கார் கொட்டகைப் பக்கம் பார்த்தார். பிறகு பலவேசத்தைப் பார்த்தார். பலவேசம் குளத்து மீனைப் பார்த்தார்.

"சரி," என்றார் ராஜா. "பூசத்துக்கு நான் எதில் போவேன்?"

"இன்னாசி சொல்ல வந்த வழிதான்," என்றார் கவிராயர். " சின்னக் காரிலிருந்து டேப்பட்டை மட்டும் பிய்த்து எடுக்கக்கூடாது. கேம் ஷாஃப்டோடு சேர்த்து, எது எந்த இடத்தில் இருந்ததோ நம்பர் போட்டு, அதே வரிசையில் குடும்பத்தோடு குடிபெயர்க்க வேண்டும். புதுசு வரும்வரை சின்னதுரை நம்மோடு பெரிய காரிலேயே வரட்டும்."

இன்னாசி அப்படியே செய்தான். பூசத்தன்று பெரிய கார் முனகாமல் மலை ஏறியது. கவிராயர் பின்சீட்டில் இருபது பாட்டுப் பாடினார். நிறுத்தச் சொல்ல யாருக்கும் மனசு வரவில்லை. இன்னாசி வீடு இன்னாசிக்கே இருந்தது. அந்த வாரமே அதில் ஒரு பெண் குழந்தை பிறந்தது.

திரும்பி வந்ததும் ராஜா சபை நடுவில் தன் செருப்பைக் கழற்றினார்.

"கவிராயரே, ராஜா போட்ட செருப்பு. இதைவிடப் பெரிய மரியாதை இந்த ஜமீனில் கிடையாது. உமக்கும் இதே அளவுதானே? போட்டுக்கொள்ளும்."

கவிராயர் செருப்பைக் கையில் வாங்கி, திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தார். கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு ராஜாவின் காலடியிலேயே திரும்ப வைத்தார்.

"புதுசாக ஒரு ஜோடி கொடுங்கள், மகாராஜா. தேய்க்கிற வேலையை நானே பார்த்துக்கொள்கிறேன்."