பத்து நிமிடத்துக்கு ஒரு கடிதம்

தெற்கே ஒரு நர்சிங் கல்லூரி. அதன் மெயில் சர்வரைப் பார்த்துக்கொண்டவள் ஜெபராணி. அவளிடம் தொழில் கற்க வந்த வெள்ளைத்துரைக்கு வயது ஐம்பத்தொன்று, குருவுக்கு முப்பத்திரண்டு. அதே கல்லூரி ஆபீஸில் இருபத்தாறு வருஷம் டைப் அடித்த மனிதர் மண்டையில் இனி என்ன ஏறப்போகிறது என்று எல்லோரும் வாய்க்குள் சிரித்தார்கள்.

ஏறியது. சில மாதங்களில் சர்வரைக் கண்காணிக்கத் தானே ஒரு புரோகிராம் எழுதி, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்து நின்றார்.

“மேடம், சர்வர் படுத்துச்சுன்னா உடனே எனக்கு மெயில் வந்துரும். நாப்பது நாளா ஒரு மெயில்கூட வரல. கல்லு மாதிரி நிக்குது.”

“அந்த மெயில் எது வழியா வரும் அண்ணாச்சி?”

“நம்ம சர்வர் வழியாத்தான்.”

ஜெபராணி தன் போன் நம்பரை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி நீட்டினாள்.

“வெயில் காலம். எங்கயாச்சும் மயங்கி விழுந்தீங்கன்னா, உடனே எனக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிருங்க.”

வெள்ளைத்துரை சிரித்தார். “மயங்கினவன் எப்படி மேடம் போன்...”

பாதியில் நிறுத்திவிட்டார். சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு தன் இடத்துக்குப் போனார். அன்று மத்தியானம் அவருக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு வெட்கம்.

மறுநாள் புரோகிராமைத் தலைகீழாக மாற்றினார். பத்து நிமிடத்துக்கு ஒரு கடிதம் சர்வர் வழியாக வெளியே போய் அவர் போனுக்கு வர வேண்டும். வந்தால் போன் ‘டிங்’ என்னும், வராவிட்டால் சர்வர் படுத்துவிட்டதென்று அர்த்தம். நாள் முழுக்க அந்த டிங் டிங்கைக் கேட்டுப் பக்கத்து மேஜைக்காரர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

சேர்க்கை நாள் வந்தது. இடம் கிடைத்த இருநூற்றுப் பத்துப் பெண்களுக்குக் காலை பத்து மணிக்கு மெயிலில் கடிதம் அனுப்பினார்கள். மாலை ஐந்துக்குள் சம்மதம் சொல்லாத பெண்ணின் இடம் அடுத்தவளுக்குப் போய்விடும்.

பத்தேகாலுக்கு வெள்ளைத்துரை கடித்த வடையை வைத்துவிட்டு எழுந்தார். போன் சத்தம் போடவில்லை.

சேர்க்கை அலுவலர் திரையைக் காட்டினார். “சர்வருக்குப் பச்சை விளக்கு எரியுது பாருங்க. ஒருத்தரும் குறை சொல்லி எழுதல. சும்மா பதறாதீங்க.”

“குறையையும் இதே மெயில்லதான சார் எழுதணும்?”

ஓடினார். சர்வரின் டிஸ்க் கழுத்துவரை நிரம்பிக் கிடந்தது. கடிதங்கள் அத்தனையும் உள்ளேயே முடங்கியிருந்தன. ஜெபராணி வாசலில் கை கட்டி நின்றாள், கீபோர்டைத் தொடவில்லை. வெள்ளைத்துரை வேண்டாத பழைய பதிவுகளை அள்ளி அள்ளி அழித்தார். ஒரு கடிதம் கிளம்பியது. பத்து. நூறு. இருநூற்றுப் பத்தும் போய்ச் சேர்ந்தன.

மாலை ஐந்துக்குள் அத்தனை பெண்களும் பதில் போட்டுவிட்டார்கள். ஒருத்தியின் இடம்கூடப் போகவில்லை. வாய்க்குள் சிரித்தவர்களே வந்து கை கொடுத்தார்கள். அவருக்குக் கண் கலங்கிவிட்டது, சந்தோஷத்தில்தான்.

கூட்டம் கலைந்ததும் குருவிடம் வந்தார்.

“மேடம், இனிமே சர்வர் நல்லாருக்குன்னு நிம்மதியா இருக்கலாம்ல?”

சட்டைப்பையில் ‘டிங்’ என்றது.

“வந்துருச்சா?”

“வந்துருச்சு மேடம்!”

“அப்ப ஒரு பத்து நிமிஷம் நிம்மதியா இருங்க அண்ணாச்சி.”