சத்தம் போடாத வண்டி

சிறுமலை அடிவாரத்தில் ஒரு தகரக் கொட்டகையில் இருந்தார் சாமியம்மா. அவரிடம் முக்தி கேட்டு யாரும் வந்ததில்லை. போர் போட்டால் தண்ணீர் வருமா, மகளை உள்ளூரிலேயே கொடுக்கலாமா, இப்படித்தான் கேட்பார்கள். சாமியம்மாவுக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. அவருடைய சீடர் சேவுகனுக்கோ அறுபது நெருங்கிக்கொண்டிருந்தது. மலையிலிருந்து வாழைத்தாரைப் பிக்கப் வண்டியில் சந்தைக்கு இறக்குவது அவர் பிழைப்பு. வெள்ளிக்கிழமை தோறும் கொட்டகையைக் கூட்டிப் பெருக்குவது அவர் பக்தி.

அந்த வெள்ளிக்கிழமை அவர் விளக்குமாற்றைத் தொடவில்லை. நேரே வந்து உட்கார்ந்தார்.

"சாமி, வண்டிக்கு எந்த சைலன்சர் போடலாம்?"

வேறு சாமியாராக இருந்தால் எழுந்து போகச் சொல்லியிருப்பார். சாமியம்மா சிரிக்கக்கூட இல்லை.

"இப்ப இருக்கறதுக்கு என்னண்ணே?"

"சத்தம்."

"வண்டின்னா சத்தம் இருக்கத்தானே செய்யும்?"

"இது பய மாட்டுனது, சாமி."

பயல் என்றால் மகன் வைரவன். அந்த வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தவன் அவன்தான். கம்பெனி சைலன்சரைக் கழற்றிப் போட்டுவிட்டு, தெருவே திட்டும்படி ஒன்றை மாட்டியிருந்தான். சாயங்காலம் மலையிறங்கி வருகையில், ஊருக்கு முந்தைய வளைவில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுப்பான். சைலன்சர் தடதடவென்று அதிரும். வீட்டில் அவன் அம்மா ராக்கு அதைக் கேட்டதும் அடுப்பில் தோசைக்கல்லை வைப்பாள். அவன் வந்து உட்காரும்போது கல் காய்ந்திருக்கும்.

போன சித்திரையில் மஞ்சள் காமாலை வந்து வைரவன் போய்விட்டான்.

"இப்ப நான் ஓட்டுறேன். அந்த வளைவுல யாரு ஓட்டுனாலும் காலை எடுத்துத்தான் ஆகணும். தடதடங்கும். இவ கல்லை வச்சிடுறா. வண்டி வந்து நிக்கும். நான் மட்டும் இறங்குவேன். என்னை ஒரு பார்வை பாப்பா. அப்புறம் அடுப்பை அணைச்சிடுவா. தினமும் இதே கதைதான் சாமி."

"சத்தம் இல்லேன்னா?"

"கல்லை வைக்க மாட்டா."

சேவுகனே தொடர்ந்தார். பட்டறையில் ஒன்றை மாட்டிப் பார்த்தாராம். உள்ளே அறை அறையாகத் தடுப்பு வைத்தது. சத்தம் நன்றாக அடங்கியது. ஆனால் புகை போக வழியில்லை. உர மூட்டை ஏற்றிக்கொண்டு மலையேறிய வண்டி, பாதி ஏற்றத்தில் மூச்சு முட்டி நின்றுவிட்டது. பழையதையே திருப்பி மாட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

"சத்தமும் வரக்கூடாது, புகையும் தடையில்லாம போகணும். நீங்க ஒரு வார்த்தை சொன்னா அப்படி ஒண்ணு அமைஞ்சிரும்."

"எனக்கு சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது."

"ஒரு வார்த்தை, சாமி."

சாமியம்மா தலையசைத்தார்.

"அப்படியே அமையட்டும். மாட்டிட்டு வந்து சொல்லுங்க."

அடுத்த வெள்ளிக்கிழமை பிக்கப் கொட்டகை வாசலில் வந்து நின்றது. வந்ததே தெரியவில்லை. பட்டறைக்காரர் இந்த முறை சரியானதைப் பிடித்திருந்தார். உள்ளே நேரான குழாய், குழாய் முழுக்கச் சின்னச் சின்னத் துளை, அதைச் சுற்றிக் கண்ணாடிப் பஞ்சு. புகை தன் பாட்டுக்கு நேரே போய்விடும், சத்தம் மட்டும் பஞ்சோடு அடங்கிவிடும். ஏற்றத்திலும் வண்டி திணறவில்லை. சைலன்சரில் ஒரு குறையும் சொல்வதற்கில்லை.

சேவுகன் இறங்கி வந்தார். ஒரு வாரத்தில் அவருக்குப் பத்து வயது கூடிவிட்டது.

"கல்லை வைக்கலையா?" என்றார் சாமியம்மா.

"வைக்கல."

"அப்புறம்?"

"வாசல்லயே உக்காந்திருக்கா சாமி. ரோட்டுப் பக்கம் காதை வச்சுக்கிட்டு. நான் முன்னாடி வந்து நின்னா, 'நீங்க எப்ப வந்தீங்க'ங்கிறா. வந்துட்டேன்டின்னு சொல்றேன். தலையை ஆட்டிட்டு மறுபடியும் ரோட்டைப் பாக்குறா."

சேவுகன் தரையில் உட்கார்ந்தார்.

"முன்னாடி என்னைப் பாத்தப்புறம் அடுப்பை அணைச்சிடுவா. அன்னிக்குக் காத்திருந்தது அதோட முடிஞ்சுது. இப்ப முடியவே மாட்டேங்குது. வண்டி இன்னும் வரலையேன்னு நேத்து என்கிட்டயே கேட்டா. வண்டி அவ கண்ணு முன்னாடி நிக்குது."

அவர் அழுதார். வயசான ஆண்கள் அழத் தெரியாமல் அழுவார்களே, அப்படி. மகனை எரித்த அன்றுகூட அவர் இப்படி அழுததில்லை.

சாமியம்மா காத்திருந்துவிட்டுக் கேட்டார்.

"கல்லை வச்சிட்டு உங்களைப் பாப்பாங்கன்னு சொன்னீங்களே. அப்ப நீங்க என்ன செய்வீங்க?"

"கொல்லைப்பக்கம் போயிடுவேன். அந்த மூஞ்சி முன்னாடி எப்படி சாமி நிக்கிறது? அவ அடுப்பை அணைக்கிற வரைக்கும் குளிச்சுக்கிட்டே இருப்பேன். அப்புறம் மூடி வச்ச சோத்தைத் தின்னுட்டுப் படுத்துக்குவேன்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பழைய சைலன்சரையே மாட்டிரட்டுமா சாமி?" என்றார்.

சாமியம்மா எழுந்தார். கொட்டகை மூலையில் இருந்த அடுப்பைப் பற்ற வைத்து, அதன்மேல் தோசைக்கல்லை வைத்தார். மாவுப் பாத்திரத்தைப் பக்கத்தில் வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

சேவுகனும் அடுப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரம் போனது.

"சாமி, கல்லு காஞ்சிருச்சு."

சாமியம்மா அசையவில்லை. கல்லிலிருந்து லேசாகப் புகை கிளம்பியது. சேவுகனால் உட்கார முடியவில்லை. எழுந்து வாசல் வரைக்கும் போனார், அங்கேயே நின்றார், திரும்பி வந்தார்.

"அடுப்பை அணைங்க சாமி. இல்லேன்னா மாவை ஊத்துங்க."

"யாருக்கு?"

சேவுகன் அந்தக் கல்லையே பார்த்தார்.

"எனக்குத்தான். எனக்கு ஒண்ணு ஊத்துங்க."

சாமியம்மா கரண்டியை எடுத்தார். ஆனால் ஊற்றவில்லை.

"இதை உங்க வீட்டுல ஒரு நாளாவது கேட்டீங்களாண்ணே?"