பதினொரு பூச்சு

"துருவே பிடிக்காத பெயின்ட் எது? அத மட்டும் சொல்லிக்குடு தங்கச்சி, போயிருதேன்" என்றார் கஸ்பார்.

பட்டறைக்காரி பிலோமி குனிந்து அவருடைய படகு டிரெய்லரின் அடியைப் பார்த்தாள். கஸ்பாரைவிடப் பதினைந்து வயது சின்னவள். ஆனாலும் வண்டியைத் தாங்கும் ஸ்பிரிங் பட்டையில் சந்தேகம் என்றால் அந்தக் கரையில் எல்லாரும் அவளிடம்தான் வருவார்கள்.

"எத்தன பூச்சு பூசியிருக்கீங்க அண்ணே?"

"பதினொண்ணு."

பெயின்ட் கடைக்காரர் கஸ்பாரைக் கண்டாலே நாற்காலி எடுத்துப் போடுவார். சும்மாவா?

போன மழைக்கு ஊருக்குள் வெள்ளம் புகுந்தது. டிரெய்லரில் படகை ஏற்றிக்கொண்டு முதலில் ஓடியவர் கஸ்பார்தான். பாதி வழியில் துருவேறிக் கிடந்த ஸ்பிரிங் பட்டை முறிந்தது. வேறு வண்டி பிடித்துப் போக ஒரு மணி நேரம் ஆகிவிட்டது.

மொட்டை மாடியில் ஐந்து பேர் நிற்பதாகச் சொல்லியிருந்தார்கள். போய்ச் சேர்ந்தபோது நான்கு பேர் இருந்தார்கள்.

புதுப் பட்டை மாட்டினார். அதன்பின் மாதம் தவறாமல் பெயின்ட் அடித்தார். அந்த நாளைப் பற்றி மட்டும் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

பிலோமி ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாள். இரண்டு பட்டைகள் சேரும் இடத்தில், பளபளவென்றிருந்த பூச்சின் மேல் குத்தினாள்.

செம்மண் நிறத்தில் தண்ணீர் வழிந்தது.

"விரல்ல தொட்டு நாக்குல வச்சுப் பாருங்க."

வைத்துப் பார்த்தார். "கரிக்குது."

"கழுவாம, காயவிடாம மேல மேல பூசிட்டீங்க. உப்பு உள்ளயே கெடக்கு."

கஸ்பாருக்கு முகம் வாடிப்போனது.

"அப்போ இத நீயே வச்சுக்க தங்கச்சி. இந்த மழைக்கு வேற யாராவது படகக் கொண்டுபோகட்டும். என்னால ஆகாது."

"சரி. பட்டையக் கழத்தி மட்டும் குடுத்துட்டுப் போங்க."

ஸ்பேனரை அவர் கையில் கொடுத்தாள்.

கழற்றினார். ஒவ்வொரு பட்டையாகப் பிரித்தார். நடுவில் துரு அப்பளம் போல் உதிர்ந்தது. கம்பி பிரஷ்ஷால் தேய்க்கத் தொடங்கினார்.

"அந்த அஞ்சாவது ஆளு யாருண்ணே?"

பிரஷ் நின்றது.

"தெரியாது."

பிலோமி அடுத்த பட்டையை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"சகாயமேரி" என்றார் கஸ்பார். "தையக் கடை வச்சிருந்துச்சு. எம் மவளுக்குக் கல்யாண ஜாக்கெட் தச்சுக் குடுத்த பிள்ள."

அதற்கு மேல் முடியவில்லை. தேம்பித் தேம்பி அழுதார். பார்க்கவே பாவமாக இருந்தது.

பிலோமி எழுந்து போனாள். ஒரு குடம் நல்ல தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள்.

முகத்தைக் கழுவினார். பிறகு பட்டைகளைக் கழுவினார். வெயிலில் காயவைத்து, பட்டைக்குப் பட்டை எண்ணெய் தடவினார்.

"இனிமே துருப் பிடிக்காதுல்லா?"

"பிடிக்கும்ணே. கடல்ல இறங்குற வண்டி."

"அப்போ?"

"இறங்கி ஏறும்போதெல்லாம் நல்ல தண்ணி ஊத்துங்க. அப்பப்பக் கழத்திப் பாருங்க."

கஸ்பார் நிமிர்ந்தார். கிழக்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

"அந்த ஸ்பேனர எடு தங்கச்சி" என்றார். "சீக்கிரம் மாட்டணும்."