உள்தாழ்ப்பாள்

தையல் மெஷின் ஓடுவதுபோல் ஒரு சத்தம்.

இருட்டிய பிறகுதான் தொடங்கும். நிற்கும். மறுபடி ஓடும்.

“யாரு சிஸ்டர் இந்நேரத்துக்குத் துணி தைக்கறது?” என்று கேட்டாள் புனிதவதி.

“யாரும் தைக்கல. உங்க பையன்தான். உடம்பு உதறுது. இரும்புக் கட்டில் இல்லையா, அதோட கால் தரையில அடிக்குது.”

புனிதவதி காதைப் பொத்திக்கொண்டாள்.

வலி மாத்திரைக்கு அடிமையான கல்லூரிப் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுகிற வீடு அது. சிஸ்டர் அனஸ்தாசியா நடத்தினார். புனிதவதியைவிடப் பத்து வயது சின்னவர். யாராவது விளக்கம் கேட்டால் கையில் துடைப்பத்தைக் கொடுத்துவிடுவார் என்று பெயர்.

மகன் பரிதி இன்ஜினியரிங் இரண்டாம் வருஷம். வந்து ஐந்து நாள். முற்றத்துக்கு இந்தப் பக்கம் அம்மாவுக்கு ஓர் அறை, அந்தப் பக்கம் அவனுக்கு ஓர் அறை.

“அவன் ரூமுக்கு உள்ள மட்டும் தாழ்ப்பாள் வச்சிருக்கீங்க. வெளிய இல்ல. அதைக் கழட்டி வெளிப்பக்கம் போடுங்க சிஸ்டர்.”

“எதுக்கு?”

“ஹாஸ்டல்ல ஜெரால்டுன்னு இவன் கூட இருந்த பையன். இதே மாத்திரையப் போட்டுட்டு பாத்ரூம்ல உள்ள தாழ் போட்டுக்கிட்டான். கதவை உடைச்சு, பொணமாத்தான் எடுத்தாங்க. அன்னைக்கே எங்க வீட்டுத் தாழ்ப்பாள் எல்லாத்தையும் கழட்டிட்டேன்.”

“இவன் நிறுத்தினானா?”

“இல்ல.”

“இந்தத் தாழ்ப்பாள் அவன் வெளிய போகாம இருக்கறதுக்கு இல்லம்மா.”

“பின்ன?”

சிஸ்டர் டார்ச்சுக்கு பேட்டரி போட ஆரம்பித்தார்.

“உங்களுக்கென்ன. பெத்திருந்தா தெரியும்.”

“ஆமா. தெரியாதுதான்.”

தையல் மெஷின் மறுபடி ஓடியது.

“முந்தாநாள் ராத்திரி எழுந்து போனானே,” என்றார் சிஸ்டர். “பத்தே நிமிஷம். திரும்பி வந்ததும் கட்டில் சத்தம் நின்னுபோச்சு. விடியற வரைக்கும் தூங்கினான்.”

“பாவம், அசதியா இருந்திருக்கும்.”

“கேட் பூட்டியிருந்துச்சு. நாய் குலைக்கல. உங்க ரூம்ல லைட் எரிஞ்சுது.”

புனிதவதியின் கை முந்தானை முடிச்சுக்குப் போனது. அங்கேயே நின்றது.

“பாதிதான் சிஸ்டர். அவன் புஸ்தகப் பையில இருந்த மாத்திரையில பாதி. செத்துருவான்னு பயந்துட்டேன்.”

“டாக்டர் என்ன சொன்னார்?”

“உதறும், வாந்தி எடுப்பான், உயிருக்கு ஒண்ணும் ஆகாதுன்னார்.”

“நம்பிக்கை இல்லையா?”

“ஜெரால்டோட அம்மாகிட்டயும் யாரோ ஒண்ணும் ஆகாதுன்னுதானே சொல்லியிருப்பாங்க!”

சிஸ்டர் எழுந்தார். புனிதவதி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“எனக்கு ஒரு வழி சொல்லுங்க. நான் என்னதான் செய்யட்டும்?”

சிஸ்டர் டார்ச்சை எடுத்தார். “வாங்க.”

முற்றத்தைக் கடந்தார்கள். கதவு வெறுமனே சாத்தியிருந்தது.

“தட்டுங்க.”

தட்டினாள். கட்டில் சத்தம் நின்றது.

பரிதி கதவைத் திறந்தான். சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. பல் அடித்துக்கொண்டது. அவன் அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. முந்தானையைத்தான் பார்த்தான்.

“இருக்காம்மா?”

அந்தக் குரலை அவள் அறிவாள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பசிக்குது என்று கேட்கிற குரல்.

சிஸ்டர் டார்ச்சை அணைத்தார். தடுக்கவில்லை.

புனிதவதி முடிச்சை அவிழ்த்தாள். உள்ளங்கையில் மீதிப் பாதி.

அவன் கை பாதி தூரம் வந்தது.

அங்கேயே நடுங்கியது.

“நாளைக்கும் கேப்பேன்மா,” என்றான்.

“தெரியும்டா கண்ணு.”

“நீயும் குடுப்பே.”

அவள் வாயைத் திறந்தாள். இல்லை என்று சொல்லத்தான் திறந்தாள்.

அவன் கொஞ்ச நேரம் காத்திருந்தான். பிறகு கையை இழுத்துக்கொண்டான்.

“போம்மா.”

கதவு மூடியது.

“பரிதி! தாழ் போடாதேடா! பரிதி!”

உள்ளே இரும்போடு இரும்பு உரசியது. ஒரு தடவை தவறியது. இன்னொரு தடவையும் தவறியது.

மூன்றாம் தடவை தாழ்ப்பாள் விழுந்தது.